தைரியராஜ் கொடுத்த வாக்குமூலம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் சித்தார்த்தன். வீடு ஸ்ரீரங்கத்தில். விபத்து வழக்குகளில் யார் மேல் தவறு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. பொய்ச் சாட்சி, பொய்க் காயம், பொய் அழுகை எல்லாம் பார்த்தாயிற்று. மனைவி என்னைப் பாராட்டினால்கூட, இவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அந்த ஃபைல் கேத்தரினுடையது. காட்டூர் தாண்டி ஒரு கிளைச் சாலையில், பைக்கில் போன அவள் கணவர் கிளமென்ட் லாரி மோதி இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். லாரி எங்கள் கம்பெனியில் இன்சூரன்ஸ் செய்தது. கிளமென்ட் மேலும் தவறு உண்டு என்று நான் காட்டிவிட்டால் நஷ்டஈட்டில் பாதி போய்விடும். கம்பெனிக்கு அதுதான் வேண்டும்.

லாரி டிரைவர் தைரியராஜ், மருங்காபுரிக்காரர். பைக்தான் குறுக்கே வந்தது என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். சம்பவ இடத்துக்கு வரச் சொல்லி அவருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ஏப்ரல் 17, பகல் 12.30. விபத்து நடந்த அதே நேரம். வெயிலில் கண் கூசுமா, வளைவு தெரியுமா என்று அப்போது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சரியாக 12.30க்குப் போய்விட்டேன். எதிரே ஜமால் பாய் டீக்கடை. சாலையில் ஈ, காக்கை இல்லை.

12.34. திரும்பினால்... பின்னால் நிற்கிறார். லைசென்ஸ் நகலில் பார்த்த அதே முகம். எதில் வந்தார்? வண்டிச் சத்தமே கேட்கவில்லையே.

அளவு டேப்பின் முனையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். தார் உருகி என் ஷூவில் ஒட்டுகிறது. அவர் வெறுங்காலோடு அசையாமல் நிற்கிறார். ஒரு சொட்டு வியர்வை இல்லை. குடித்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன்.

“சொல்லுங்க, என்ன நடந்துச்சு?”

“பஸ்ஸ முந்துனேன் சார். ரைட்ல ஏறிட்டேன். அவரு அவரு சைடுலதான் வந்தாரு. தப்பு என்னுது.”

எந்த டிரைவராவது இப்படித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வானா?

“அந்தம்மா ஆளுங்க எவ்ளோ குடுத்தாங்க?”

என்னையே பார்த்தார். இமைக்கவே இல்லை...

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காது குத்துகிறான்! வாக்குமூலம் எழுதினேன். அவர் சொன்னதை அல்ல. ‘பைக் திடீரெனக் குறுக்கே வந்தது’ என்று எழுதினேன். ஆமாம், செய்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“படிச்சுக் காட்டுங்க சார்.”

தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

‘படித்துக் காட்டக் கேட்டேன், சரி’ என்று வாக்குமூலம் கொடுப்பவரே அடியில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். பேனாவைக் கொடுத்தேன். விரல் பட்டது. உச்சி வெயிலில்... ஜில்லென்று இருந்தது.

கர்ர்... கர்ர்... பேனா கீறும் சத்தம் மட்டும்.

12.51. தாளை வாங்கிப் பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

ஜமால் பாய் கடையிலிருந்து கத்தினார். “சார்! தனியா நின்னுக்கிட்டு டேப்ப எப்படி இழுத்தீங்க? அந்த முனைய யாரு புடிச்சது?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டேன்.

2.10. ஆபீஸ். டைப் அடிக்கிற ஜெஸ்லின் ஒரு கவரை நீட்டினாள். “ரிட்டர்ன் வந்துருக்கு சார்.”

தைரியராஜுக்கு நான் அனுப்பிய தபால். பிரிக்கவே இல்லை. மேலே தபால்காரர் எழுதியிருந்தார்: ‘பெறுநர் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார்.’

வாக்குமூலத்தை எடுத்தேன்.

என் எழுத்தில், என் பொய். அடியில் அவர் கையெழுத்து. அதற்கு மேல் கோணல்மாணலாக ஒரே வரி...

‘படித்துக் காட்டவில்லை.’

கிளமென்ட் மேல் தவறே இல்லை என்று அன்றே அறிக்கை எழுதினேன். கேத்தரினுக்கு முழு நஷ்டஈடும் கிடைத்தது. கம்பெனி அதன் பிறகு எனக்கு ஒரு ஃபைல்கூடத் தரவில்லை. போகட்டும்.

மனது கேட்காமல் மருங்காபுரிக்குப் போனேன். தைரியராஜின் மனைவி அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்து அவரோடதுதாங்க. அன்னைக்கும் போலீசுக்குன்னு லாரி ஓனரு எழுதி வச்ச பேப்பர்ல இப்படித்தான் போட்டுட்டு வந்தாரு. ஆனா மேல இருக்கிற வரி அவரு எழுதலைங்க. கையெழுத்தத் தவிர அவருக்கு ஒரு எழுத்துக்கூட எழுதத் தெரியாது.”