வாசலில் நின்ற ரத்தக்காட்டேரி

அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் குலை வெட்டும்போது, ரத்தக்காட்டேரி நாவல் ஒன்றை என் போனில் ஆடியோவாகப் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர்கள் "வாங்க" என்று கூப்பிட்டால்தான் அதில் வரும் காட்டேரிப் பிரபு உள்ளே நுழைய முடியுமாம். கூட வேலை செய்யும் பெண்கள் பயப்படுவார்கள் என்று பார்த்தால், கோபப்பட்டார்கள்.

"ரத்தம் குடிக்கிறவுகளா இருந்தா என்ன? வந்தவுகள வாசல்லயே நிக்க வைக்கிறதா?" என்றார் என் அண்ணன் மனைவி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் வந்த சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம், நான் தோட்டத்தில் மறந்துவிட்ட போனைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்த அண்ணன் மனைவி, படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மதினி." அதைச் சொல்ல எனக்கு ஒரு காட்டேரி தேவைப்பட்டிருக்கிறது.

அவர் செருப்பைக் கழற்றினார். "எனக்குக் காப்பி போதும், ஆத்தா."