எஸ்தர் அக்கா கொடுத்த படிவம்

அன்று முதல் ஷிப்டுக்கு மண்ணூரில் பஸ் ஏறியபோது என் இருக்கையில் சாப்பாட்டுப் பை இல்லை. குன்றத்தூரில் ஏறும் எஸ்தர் அக்கா தினமும் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். உட்காராமல் நின்ற என்னைப் பார்த்து டிரைவர் அண்ணன், "எஸ்தரு நேத்து சாயங்காலம் போயிடுச்சும்மா. காய்ச்சல்னுதான் சொன்னாங்க, இப்டி ஆயிடுச்சு. நீ ஒக்காரு" என்றார். ஒரகடத்தில் ஃபேக்டரி வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். அதே பஸ்ஸில் வரும் உங்களுக்கு இது தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவள். பதினெட்டு முடிந்ததும் கார்களுக்கான வயர் பொருத்தும் லைனில் சேர்ந்தேன். எஸ்தர் அக்கா எங்கள் லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமைகளில் எம்.பி.ஏ. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவர் பேசுவார், நான் கேட்பேன். ஒரு வருஷம் முழுக்க நான் பேசியதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

முதல் வருஷக் கடைசியில் அவர் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. பிறகு தேடும் வேலையும் அதை ஒட்டித்தான். "எனுக்கு எச்.ஆர்.தான். வாய் கீதுல்ல" என்பார். எல்லாரும் அதையேதான் சொன்னோம்.

அதற்கு முன் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். தன்னை அறிந்த ஐந்து பேரிடம் ஒரு படிவத்தை நிரப்பி வாங்கி வர வேண்டும். பொறுமை, பேச்சு, பிறர் சொல்வதைக் கேட்பது என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில், "இவருக்கு எந்த வேலை பொருந்தும், ஏன்?" என்ற கேள்வி.

அக்கா அதை பஸ்ஸில் கொடுத்தார். ஷிப்ட் தொடங்கும்போது மிஷின் செக் ஷீட்டில் எதையும் பார்க்காமல் மேலிருந்து கீழே ஓகே போடுவோமே, அந்தக் கை இதிலும் போட்டுவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் நான்கு படிவங்கள் திரும்பி வந்தன. எல்லாக் கட்டத்திலும் ஓகே. கடைசிக் கட்டத்தில் 'எச்.ஆர்.' என்று மட்டும் இருந்தது. எங்கள் லைனில் வேலை செய்யும் வள்ளி அக்கா கீழே ஷிப்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏய் வள்ளி, நான் இன்னா மிஷினா? ஆயில் லெவலையும் எழுதிட வேண்டிதான!"

"வேற இன்னாடி போடுறது? நீ லீடரு. என்.ஜி.ன்னு போட்டா நாளைக்கு என்ன பாத்ரூம் போகவே வுட மாட்ட."

பஸ்ஸே சிரித்தது. ஐந்தாவது படிவம் என்னிடம் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் நான்கு நாள் வைத்திருந்தேன்.

பழுதான பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் போடும்முன் நாம் எழுதுவதுதான் என்.ஜி. 'பிறர் சொல்வதைக் கேட்பது' என்ற கட்டத்தில் அதை எழுதினேன். "எட்டாவது ஸ்டேஷனில் நிற்கும் பெண் கை வலிக்கிறது என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் ஆறுதல் சொன்னீர்கள். எங்கே வலி என்று கேட்கவில்லை" என்று காரணமும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில், "லைன் நின்றால் நீங்கள் யாரையும் திட்டுவதில்லை. எங்கே தேங்குகிறது என்று கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே நடப்பீர்கள். அப்போது மட்டும் பேச மாட்டீர்கள். அப்போதுதான் உங்கள் முகம் நன்றாக இருக்கும். உற்பத்தித் திட்டமிடல் பொருந்தும்" என்று எழுதினேன்.

லைனில் அந்த எட்டாவது இடத்தில் நிற்பது நான்தான். அதை எழுதத் தேவையிருக்கவில்லை.

படிவத்தைக் கொடுத்த பிறகும் இரண்டு நாள் சாப்பாட்டுப் பை என் இருக்கையில் இருந்தது. அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கை?"

"வலது. தோள்ல."

"எப்பலேர்ந்து?"

"வயர் தொட்டிய மேல மாட்டுனதுலேர்ந்து."

நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டார். அன்று டீ நேரத்தில் சூப்பர்வைசரை அழைத்து வந்து தொட்டியை இறக்கி மாட்டச் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உற்பத்தித் திட்டமிடல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். "நாலு ஓகேவ நம்பிக்கினு எச்.ஆர். போட்டிருந்தா, அது ஒத்துவராதுன்னு வேலைக்குப் போன பொறவுதான் எனுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

இரண்டாம் வருஷ புராஜெக்டை நம் லைனிலேயே தொடங்கினார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, "இங்க இன்னா கஷ்டம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்தாவது ஸ்டேஷன் வரைக்கும்தான் வந்திருந்தார்.

எனக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தார். பேச்சு என்ற கட்டத்தில் 'ஹோல்ட்' என்று எழுதியிருந்தார். நல்லதா பழுதா என்று முடிவாகாத பாகத்துக்கு நாம் கட்டும் மஞ்சள் அட்டை அது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போடலடி. இன்னும் செக் பண்ணி முடியல, அவ்ளோதான்" என்றார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். "அத நீ எழுது. நான் எழுதினா அதுவும் வள்ளி போட்ட ஓகேதான்."

அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. தொட்டி அவர் இறக்கிய உயரத்திலேயே இருக்கிறது. செக் ஷீட்டில் இப்போது ஆயில் அளவைப் பார்த்த பிறகே ஓகே போடுகிறேன்.

கேன்டீனில் அவருக்கு அஞ்சலி செலுத்த நாம் கூடும்போது படிக்கச் சொல்லி இதை வள்ளி அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் பஸ்ஸில் திரும்ப வாங்கிக்கொண்டேன். நானே படிக்கிறேன்.