நெஞ்சின் மேல் வைத்த காந்தம்

இதய வைத்தியர் வீடு தேடி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அதை நல்ல சகுனமாக எடுப்பதில்லை. ஆரையம்பதியில் வாவிக் கரையோர வீடொன்றுக்கு அவசரமாக வரச்சொல்லி அழைப்பு வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. முற்றத்தில் நின்ற சனம் பேசாமல் விலகி வழிவிட்டது. உள்ளே யாரும் அழவில்லை. கண்மூடப் போகிறவரின் வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கட்டிலில் கிடந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. இதயம் பலவீனப்பட்டு என் கிளினிக்கிற்குப் பல வருடங்களாக வந்தவர். அவருடைய இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியளவு கருவி ஒன்றை வைத்திருந்தோம். இதயம் தறிகெட்டு ஓடினால் அது உள்ளிருந்தே ஷொக் அடித்து வழிக்குக் கொண்டுவரும். முன்பு அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. இப்போது இதயம் முற்றாகக் களைத்துவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது, கருவியை நிறுத்திவிடுவோமா என்று கேட்டேன். "அது கிடக்கட்டும் டொக்டர்" என்று அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். பிடிவாதக்காரர்.

நான் கதிரையை இழுத்துப் போடுமுன்னே அவருடைய உடம்பு தூக்கிப் போட்டது. கண்கள் திறந்தன. மனைவியைத் தேடிப் பிடித்துப் பார்த்தன. பிறகு மெல்ல மூடின. காரணம் எனக்குத் தெரியும்.

"காலையில இருந்து இப்பிடித்தான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், வாசலைத் தாண்டாமல். "அடங்கிப் போவார், பிறகு எழுப்பி உடும். தொட்டா நமக்கும் அடிக்கிது. ஆரோ உள்ளுக்க இருக்கான் டொக்டர்."

மந்திரிக்க அழைத்துவந்த கட்டாடியார், ஒருதரம் தொட்டு அடிவாங்கியதில், திருநீற்றுத் தட்டோடு சுவரில் ஒட்டி நின்றார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். உள்ளே ஒன்று இருந்தது உண்மைதானே. அதை வைத்தது நாங்கள். ஆள் சாகிறார் என்பது அதற்குத் தெரியாது.

மனைவி மட்டும் அவர் கையை விடவேயில்லை. நான் பையிலிருந்து கறுப்புக் காந்த வளையத்தை எடுத்தேன்.

"இத நெஞ்சில வெச்சா அது அடிக்காதம்மா. ஆனா இனி இதயம் பிசகினா, திருப்பிக் கொண்டுவர ஒண்டுமில்ல."

"அப்ப கண் திறக்க மாட்டாரா?"

"மாட்டார்."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடிக்கக்குள்ளதான் டொக்டர் என்னப் பாக்கார்."

வளையம் என் கையிலேயே இருந்தது. அதற்குள் உடம்பு மறுபடி தூக்கிப் போட்டது. இம்முறை தொண்டையிலிருந்து ஒரு முனகலும் வந்தது. மனைவி அவருடைய வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"வைங்க," என்றார் கடைசியில்.

கருவிக்கு மேலே வளையத்தை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். உடம்பு அடங்கிக் கிடந்தது. முற்றத்துச் சனம் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தது. கட்டாடியார் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இத எங்க மந்திரிச்சீங்க?"

பின்னேரம் அந்த அம்மா தொலைபேசியில் பேசினார். "முடிஞ்சி போச்சு டொக்டர்." நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"கோவிக்காதீங்க. ஒருக்கா மட்டும் அதக் கழட்டி எடுத்தன். அடிச்சிது. கண்ணத் திறந்து என்னப் பாத்தார். போயிற்று வாங்க எண்டு சொன்னன். சொல்லிற்று, நானே திரும்ப வெச்சன்."