எந்தக் கொடி, மாமா?

அவளை எல்லோரும் லாண்டரிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றதிலிருந்து கடை முழுக்க அவள் தலையில்தான். அதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். பசித்தாலும் கை நீட்டி ஒன்று கேட்பதில்லை. அதுதான் அவளை அரித்தது.

அப்போதுதான் கொல்லைக்குக் கடிகாரக்கொடி வந்து சேர்ந்தது. கடல் கடந்த நாட்டுச் செடி. யாரோ ஒரு மகராசி அழகுக்கென்று வாங்கி நட, பழத்தைத் தின்ற பறவைகள் தெருவெங்கும் விதை போட்டுவிட்டன. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம்! வேலி, தண்ணீர்த் தொட்டி, கூரை எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் அது கடிகார முகம் போல ஊதாப் பூ பூத்த அன்று, அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். "அம்மாடி, நீ நல்லா இருக்கணும்" என்று கொடியையே கும்பிட்டாள் அக்கா.

வீடு நாத்தனாருடையது. அவள் விடுவதாயில்லை.

"ஓட்டுக்குள்ள புகுந்து ஒழுகுது அண்ணி. எங்கண்ணன் நனைஞ்சுக்கிட்டே கிடக்கணுமா? இன்னிக்கு அறுக்கலேன்னா நானே வேரோட பிடுங்கிடுவேன்."

அதுவும் நியாயம்தானே! அக்கா தன் தம்பியிடம், "துணியைக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள அந்தக் கொடியை அறுத்துடுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதி வழியில் மனசு கேட்கவில்லை. ஓடி வந்தாள்.

கொல்லையில் அவள் துவைத்துக் காயப்போட்டிருந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் அத்தனையும் சேற்றில் கிடந்தன. கடிகாரக்கொடி அப்படியே இருந்தது. துணி காயப்போடும் கொடியைத்தான் தம்பி அறுத்திருந்தான்!

"அறிவிருக்காடா உனக்கு? காயப்போட்ட துணியோட அறுத்து வெச்சிருக்கியே!"

"என்னை ஏன்க்கா திட்டுற? ஜன்னல்கிட்ட நின்னு, 'எந்தக் கொடி, மாமா?'ன்னு கேட்டேன். மாமாதான் இடது கையை நீட்டி இதைக் காட்டினாரு. பூக்கிட்ட போனா, என் கையைத் தட்டி விட்டாரு!"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். கோணிய வாயோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். திருட்டு முழி வேறு.

சத்தம் கேட்டு வந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். "எங்கண்ணனா கை நீட்டினான்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செடியோட அடியை விட்டுடுங்க அண்ணி. ஓட்டு மேல இருக்கறதை மட்டும் வெட்டிக்கலாம். ஓட்டை நான் மாத்திடறேன்."

அக்கா விரிப்புகளை வாரித் தொட்டியில் போட்டாள். மறுபடி முழுசும் துவைக்க வேண்டும். "மகராசனா நீட்டுய்யா கையை. தினம் சேத்துல தள்ளு, நான் துவைக்கிறேன்" என்று அழுதுகொண்டே சோப்பைப் போட்டாள்.