பதினொரு வெற்றியும் ஒரு பொன்னாடையும்

என் கணவருக்குக் கார் ஓடப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிஸில், பேர்ணில் இருக்கிற பாதித் தமிழ்ச் சனம் இப்போது வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போய் வர ஓடுவார். பெருந்தெருவில் ஏதாவது ஒரு லொறியைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னாலேயே போவார். முந்தச் சொன்னால், "என்ன அவசரம்?" என்பார். மற்றபடி கெட்டிக்காரன். ஓஸ்டர்முண்டிகனில் ஒரு கராஜில் வேலை செய்தார். அவர் வெல்டிங் செய்த இரும்பு ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

அந்தக் கராஜ் முதலாளிக்கு ஸ்டொக் கார் ஓட்டத்தில் பைத்தியம். அறுவடை முடிந்த வயலில் நடக்கிற ஓட்டம் அது. பழைய காரொன்றின் கண்ணாடிகளையும் பின் இருக்கைகளையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் கூடு அடித்து, கதவுகளை வெல்டிங் செய்து மூடிவிடுவார்கள். ஓடுகிறவர் ஜன்னலுக்குள்ளால்தான் ஏறி இறங்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் அடித்துச் சேறாக்கி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடி, முதலாவதாக வருகிறவருக்குக் கோப்பை. ஆண், பெண் என்று பிரிவு கிடையாது. ஒரு வருஷம் என் கணவருக்கென்றே ஒரு காரை முதலாளி ஒதுக்கிக் கொடுத்தார். இவரும் ஆசை ஆசையாக அதைச் செய்து முடித்தார். பழகிப்பார்க்கிற ஓட்டத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு இறங்கி, வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தார்.

இனி யார் ஓடுவது என்று முதலாளி கேட்டபோது நான் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவி அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு நாலாவதாக வந்தேன். அடுத்த வருஷம் வென்றேன்.

நான் ஓட்டத்தை விடும்போது பதினொரு வெற்றி இருந்தது. விவசாயிகளுக்கு என்னை நன்றாகத் தெரியும், கண்டால் பியர் போத்தலை உயர்த்திக் காட்டுவார்கள். எங்கள் சனத்துக்கு மட்டும் தெரியாது. அதற்குக் காரணம் அம்மா. அப்போது எங்களோடுதான் இருந்தா. நான் சைக்கிளில் கடைக்குப் போனாலே பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிற மனுசி, இது தெரிந்தால் படுக்கையில் விழுந்திருப்பா. கணவர்தான் ஒருநாள் சொன்னார்.

"அம்மா இருக்குமட்டும் ஆருக்கும் சொல்லவேண்டாம். அதுக்குப் பிறகு நானே நாலு பேருக்கு முன்னால எழும்பி நிண்டு சொல்லுவன், வெண்டது என்ர மனுசி எண்டு."

நான் கேட்டு வாங்கிய வாக்கல்ல அது. அவராகத் தந்தது. அதனால்தான் முழுக்க நம்பினேன்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. அகதியாக வந்தபோது இங்கே அதைக் கேட்டார்கள், கணவரின் பெயரையே எனக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இவ்வளவு காலமும் என்னை என் கணவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவின் கண்ணில் படாமல் கீழே கெல்லரில், அதுதான் நிலவறையில், வைத்திருந்த கோப்பைகளிலும் அந்தப் பெயர்தான். சுவிஸ்காரர் வாசித்தால் அது நான். தமிழர் வாசித்தால் அது அவர்.

ஓட்டம் முடிந்து வந்தால் பெல்ட் இறுக்கியதில் தோள் இரண்டும் கன்றிப்போயிருக்கும். அவர் எண்ணெய் தடவிவிடுவார். தடவிக்கொண்டே, அந்த வளைவை எப்படி எடுத்தனீர், அவன் இடிக்கேக்கை என்ன செய்தனீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நானும் ஒன்றுவிடாமல் சொல்லுவேன். வேறு யாரிடம் சொல்ல?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, வருஷம் திரும்பி ஆட்டத்திவசமும் முடிந்தது. இவர் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மரியாதை? ஆனால் ஒவ்வொரு விருந்திலும், ஒவ்வொரு சாமத்தியச் சடங்கிலும் இவர் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கிடையில் வில் என்ற ஊர்ப் பக்கத்தில், இதே ஓட்டத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் கிளம்பினான். இங்கே பிறந்தவன், இருபத்திரண்டு வயது, மூன்று கோடைக்குள் எட்டு ஓட்டம் வென்றிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேர்ண் கோயிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் அவனுக்கு ஒரு பாராட்டு வைத்தார்கள். சோறு போடத் தொடங்கினதுமே ஆண்கள் ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை ஸ்டொக் கார் என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள்தான் பெரிய நீதவான்களாக இருந்தார்கள்.

"எமெந்தால் பக்கத்து விவசாயி ஒருத்தர் இருவது வெண்டவராம். இவன் எட்டுத்தானே?"

"அண்ணை, அந்தாள் கிழவனாகுமட்டும் ஓடினது. இவன்ர வயசில அந்தாளுக்கு எத்தினை? அதைச் சொல்லுங்கோ."

"அந்தக் காலத்துக் காரும் இந்தக் காலத்துக் காரும் ஒண்டே? அப்ப சேறு முழங்காலளவு."

முழங்காலளவெல்லாம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பருப்பைக் குழைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அப்போது விழாவை நடத்தியவர் மைக்கைப் பிடித்தார். "ஏன் வெள்ளைக்காரரோட ஒப்பிடுவான்? எங்கட ஆக்களிலயே ஒரு பழைய சிங்கம் இருக்கு. பதினொரு வெற்றி! தம்பி இன்னும் அவரைத் தொடேல்லை" என்று சொல்லி, என் கணவரின் பெயரைக் கூப்பிட்டார்.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கூப்பிட்டால் போக ஆயத்தமாக நின்றேன். கணவர் மேடையேறினார். அந்தப் பெடியனே அவருக்குப் பொன்னாடை போர்த்தினான். இவர் மைக்கை வாங்கினார்.

"வளைவுக்கு வர முதலே கண் வளைவைத் தாண்டிப் போயிடவேணும். கார் பிறகு தானா வரும். பயத்தில வாய் காயும், தண்ணி குடிக்கப்படாது. கடைசிச் சுற்றில மூச்சு விடுற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள ஆரோ பக்கத்தில இருக்கிறமாதிரிக் கேக்கும்."

எல்லாம் என் வார்த்தைகள். எண்ணெய் தடவின கைக்கு நான் சொன்னவை. கோப்பையை எடுத்திருந்தால் பரவாயில்லை, என் பயத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டார். சனம் கை தட்டியது. நடத்தியவர் என்னைப் பார்த்து, "அக்கா, இவரை ஓட விட்டிட்டு எப்பிடி வீட்டில இருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் கணவர் மைக்கிலேயே சொன்னார். "அவ பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சுக்கொண்டு இருந்தவ."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தார். இரண்டு மூன்று தரிப்புக்குப் பிறகு பொன்னாடையை மடித்து என் மடியில் வைத்தார்.

"இந்தாரும். இது உமக்குத்தான். வெண்டது நீர்தான் எண்டு எனக்குத் தெரியாதே?"

சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார், வயசு போன மூளை என்று நான் மண்டபத்திலிருந்தே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தச் சமாதானத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"எப்ப இருந்து உப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியிறியள்?" என்று கேட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "அம்மான்ர செத்தவீட்டண்டு. கதிரை எடுக்கக் கெல்லருக்கு இறங்கின ஆக்கள் கோப்பையளைக் கண்டிட்டினம். உங்கட பேர் கிடக்கு, நீங்களோ ஓடினது எண்டு கேட்டவை. ஓம் எண்டிட்டன். இனி மாத்திச் சொன்னால் என்னைப் பொய்யன் எண்டெல்லோ சொல்லுவினம்."

மறைக்க வேண்டிய கட்டாயம் முடிந்துபோன முதல் நாள் அது. நான் மேலே அம்மாவின் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். அவர் கீழே நின்று, கேட்டவர்களுக்கு ஓம் சொல்லியிருக்கிறார்.