ஒற்றர் எடுத்த க்

அலுவலகத்தில் அவருக்கு ஒற்றர் என்றுதான் பெயர். உளவு பார்த்தவரல்லர், படங்களின் சப்டைட்டில்களில் பிழை திருத்துபவர். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாவிட்டால், செருப்புக்குள் கல் புகுந்தவர்போல் நடப்பார். வயது நாற்பத்து மூன்று. பெண் வீட்டார் அனுப்பிய கடிதங்களை எல்லாம் திருத்தித் திருப்பி அனுப்பியதால் பிரம்மச்சாரி.

அதே அலுவலகத்தில் ஜப்பானியப் படங்களை மொழிபெயர்ப்பவர் ஜப்பான் மேடம். இரண்டு வருடமாக இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் தாளின் ஓரத்தில்தான். ‘இங்கே த் வருமா, சார்?’ என்று மேடம் எழுதினால், ‘வராமல் எங்கே போகும்?’ என்று ஒற்றர் எழுதுவார். மற்றவர்கள் இதைக் காதல் என்றார்கள். ஒற்றர் சந்தி என்றார்.

மாயமும் காதலுமாக ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் வெளியானது. முதல் நாள் மதியக் காட்சிக்கு அலுவலகமே இருவருக்கும் டிக்கெட் கொடுத்தது. படம் முடிந்ததும் மேடத்திடம் கேட்டே விடுவது என்று ஒற்றர் முடிவு செய்திருந்தார். சட்டைப் பொத்தான்களை இருமுறை சரிபார்த்தார்.

நாயகி டிராம் ஓட்டுபவள், கடலையே பார்த்திராதவள். நாயகன் சோம்பேறி மந்திரவாதி. எதையும் துணிபோல மடிக்கத் தெரிந்தவன். தெருவை மடித்து அவளுக்குக் குறுக்குவழி செய்கிறான், மழையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். இதில் எதையும் ஒற்றர் பார்க்கவில்லை. அவர் கண் திரையின் அடிவரியிலேயே மேய்ந்தது. ஒரு பிழை இல்லை. பூரித்துப்போனார்.

பிறகு மந்திரவாதி ஒரு சமுத்திரத்தை, மீனும் கப்பலுமாக, நாலாக மடித்து அவளிடம் நீட்டினான். இசை உருகியது. கீழே எழுத்து வந்தது: ‘உனக்குக் கடலை கொடுக்கிறேன்.’

அரங்கம் ஒரு கணம் வாசித்தது. “பாத்தியா, ஜப்பான்லயும் கடலதான் போடுறாங்க,” என்றது முன்வரிசைக் குரல் ஒன்று. கூரை அதிரச் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. “நான் க் போட்டிருந்தேனே, சார்.”

போட்டிருந்தார்தான். எடுத்தவர் ஒற்றர். படத்தைப் பார்க்காமல் வெறும் தாளில் வசனத்தைப் படித்தவர், கடலை எவன் தூக்கிக் கொடுப்பான், வேர்க்கடலையைத்தான் கொடுப்பான், வேர்க்கடலை என்றால் ஒற்று மிகாது என்று தீர்ப்பெழுதி, வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு க்-ஐ நீக்கியிருந்தார்.

பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கலாம். அது எதையும் தாங்கும். ஏனோ போடத் தோன்றவில்லை.

“நான்தான் எடுத்தேன். கடல யாராவது குடுப்பாங்களான்னு...”

“குடுக்குறானே,” என்றார் மேடம். “கொஞ்சம் நிமிந்து பாருங்க சார். படம் எழுத்துக்கு மேலதான் ஓடுது.”

ஒற்றர் நிமிர்ந்தார். டிராமுக்குள் கடல் விரிந்துகொண்டிருந்தது. பயணிகள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டார்கள். ஒரு திமிங்கிலம் நிற்க இடமில்லாமல் கைப்பிடியில் தொங்கியது. டிராமோட்டி மணியடித்தபடி அலைமேல் ஏறினாள். மந்திரவாதிக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, அவள் முத்தமிட்டாள். ஒற்றர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணிலும் ஏதோ கசிந்தது. கீழே என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

விளக்குப் போட்டார்கள். மனப்பாடம் செய்துவைத்திருந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“நாம கல்யாணம் பண்ணிக்கலாம்,” என்றார்.

“இது கேள்வியா, முடிவா? குறி ஒண்ணும் காணோமே.”

“கேள்விதான்.”

மேடம் கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே தேட ஒன்றுமில்லை என்பது ஒற்றருக்கே தெரிந்தது.

“சரி,” என்றார் கடைசியில். “மொதல்ல எந்திரிங்க. அடுத்த காட்சிக்கும் இருந்து பாப்போம். பாதிப் படம் நீங்க பாக்கவே இல்ல.”

டிக்கெட் வரிசையில் ஒற்றர் முன்னால் நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “என்னங்க, நடு வரிசையா பாத்து வாங்குங்க,” என்றது. ‘சார்’ போயே போய்விட்டது.

ஒற்றர் பதறிப்போய் நாலு டிக்கெட் வாங்கிவிட்டார்.