நாலாம் நிலை

ரேணுகாம்பாள் டீச்சருக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. அன்றைக்கு வந்த சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விலங்கியல் படித்து, திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியொன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். பிளஸ் டூ வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அதற்காக அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வேதியியல் டீச்சர் வேதாவோடு சேர்ந்து அறையெடுத்துத் தங்கியிருந்தார். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் அடிக்கும் கூத்தைப் படித்துப் படித்து இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். போன கோடையில் வேதா கல்யாணமாகி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு அந்த அறையில் பேச்சு நின்றுபோனது.

புரதத்தின் அமைப்பில் நான்கு நிலைகள். அமினோ அமிலங்கள் மணி கோத்த மாதிரி வரிசையாகச் சேர்வது முதல் நிலை. அந்தச் சரம் சுருள்வதும் மடிப்பாவதும் இரண்டாவது. முழுச் சங்கிலியும் மடங்கி, தனக்கென்று ஒரு வடிவம் கொள்வது மூன்றாவது. அப்படிப்பட்ட சங்கிலிகள் ஒன்றுக்கு மேல் கூடினால்தான் நான்காவது. பரீட்சையில் இதைத்தான் கேட்டிருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து வரும் பாஞ்சாலை, 'புரதம் நான்கையும் சுற்றிக் கடைசியில் நிலைக்கு வந்து சேரும்' என்று எழுதியிருந்தாள். தேரோடுகிற ஊரில் நிலை என்றால் வீதி சுற்றிய தேர் வந்து நிற்கிற இடம்தானே!

டீச்சர் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். வேதாவின் கட்டில் கிடந்த மூலையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்காரம்மா கன்னியம்மாளிடம் போய்ச் சொன்னார். புரதம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட கன்னியம்மாள், தேர் நிலைக்குத்தானே வரும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

சரி, வகுப்பிலாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று மறுநாள் பாஞ்சாலையை எழுப்பி அந்த வரியைப் படிக்கச் சொன்னார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாஞ்சாலையும் நெளிந்துகொண்டே சிரித்தாள். எல்லாப் புரதமும் நாலாம் நிலைக்குப் போவதில்லை, தசையில் இருக்கிற மயோகுளோபின் ஒற்றைச் சங்கிலி, அது மூன்றோடு சரி என்று டீச்சர் விளக்கினார்.

"அப்ப அது நிலைக்கே வராதா டீச்சர்? தெருவுலயே நின்னுக்கினு இருக்குமா? பாவம்" என்றாள் பாஞ்சாலை.

வகுப்பு மறுபடி சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல. கூட ஆள் இல்லன்னாலும் அது வேல அது பாட்டுக்கு நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்கிலி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆள் என்று வாயில் வந்துவிட்டது. அவருக்கே சுருக்கென்றது.

சாயங்காலம், தகரம் அடைத்து நிறுத்தியிருந்த தேரைத் தாண்டித்தான் அறைக்குப் போனார். தனிமை தாங்க முடியவில்லை. வேதா எப்போதாவது வந்தால் சொல்ல வேண்டும் என்று இந்தக் கதையை ஆசையாக எடுத்து வைத்திருந்தார். இனி வேதாவே வந்து நின்றாலும் சொல்ல முடியாது; சொன்னால் அந்த ஒற்றைச் சங்கிலியையும் சொல்ல வேண்டியிருக்கும்.